கலிபோர்னியாவின் கூடுதல் நேர ஊதியமும் ஒரு சம்பளக் கணக்குச் செயலியும்

மணிக்கணக்கில் ஊதியம் பெறுவோருக்காகக் கலிபோர்னியாவில் நாங்கள் பயன்படுத்தும் சம்பளக் கணக்குச் செயலி, வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு என்ற கூட்டரசு விதியைப் பிழையின்றிக் கணக்கிடுகிறது. ஆனால் இம்மாநிலத்தில் ஒரே நாளில் 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கும், 12 மணி நேரத்துக்கு மேல் இரு மடங்கும் தரவேண்டும் என்பதால், மாற்று வேலை அட்டவணை (கூடுதல் ஊதியமின்றி நாளுக்கு 10 மணி நேரம் வரை உழைக்க இடமளிக்கும் ஏற்பாடு) முறைப்படி ஏற்கப்படாத இடத்தில் நாளுக்கு 10 மணி நேரமாக 4 நாள் உழைத்தவருக்கு, வார மொத்தம் 40ஐத் தாண்டாவிட்டாலும், 8 மணி நேரக் கூடுதல் ஊதியம் சேர வேண்டும். மாநில விதிகளை நாமே தேர்ந்தெடுக்காவிட்டால் செயலி இதை விட்டுவிடுகிறது. உழைத்தவரின் பணம் என்பதால் இதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன். தேர்ந்தெடுத்த பின், வேலை வாரத்தின் தொடர்ச்சியான 7ஆம் நாள் வேலைக்குரிய கூடுதல் ஊதிய விதியையும் சரியாகப் பொருத்துகிறது.