டீகப் நாய்க்குட்டிக்கு முன்பணம் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ரெண்டு மாசச் சம்பளம். முழுசையும் முன்பணமாவே வாங்கிட்டாங்க. இணையத்துல நாய்க்குட்டி விக்கிற ஒரு பக்கம். பேர் போடலை, இதே மாதிரி எத்தனையோ இருக்கு.

வீடியோவுல டீ கப்புக்குள்ள ஒரு யார்க்‌ஷயர் டெரியர் குட்டி. போன்ல பேசின, குட்டியை விக்கிற அம்மாவுக்கு அவ்வளவு பாசம். "மூணு மாசம் முடிஞ்சுது, தடுப்பூசி போட்டாச்சு, வளர்ந்தாலும் ஒரு கிலோ தாண்டாது. பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி தர்றேன், பத்திரமாப் பார்த்துக்கோங்க"ன்னு குரல் தழுதழுத்தாங்க. அந்தக் குரலுக்குத்தான் பணம் போட்டேன்.

வந்த ராத்திரியே குட்டி தள்ளாடி விழுந்து வலிப்பு வந்துடுச்சு. ரத்தத்துல சர்க்கரை அடியோட இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏத்தின பிறகுதான் கண்ணைத் திறந்துச்சு. இத்தனை சின்ன உடம்புல சேமிப்பே கிடையாது, சில மணி நேரம் சாப்பிடலைன்னாலே ஆபத்து. வாயைப் பார்த்த டாக்டர், பால்பல்லே முழுசா வரலை, எட்டு வாரம்கூட ஆகியிருக்காதுன்னார். தாயை விட்டுப் பிரிக்கவே கூடாத குட்டியை 'மூணு மாசம்'னு வித்திருக்காங்க! உச்சி எலும்பு மூடலை, கண் ரெண்டும் வெளிப்பக்கமா விலகியிருக்கு. மூளையில நீர் கோத்திருக்கான்னு ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருக்கார்.

போன் பண்ணினா, "இடம் மாறினா அப்படித்தான், சரியாயிடும்". அப்புறம், "நீங்க ஊட்டற விதம் சரியில்லை". அதுக்கப்புறம், "வேற குட்டி மாத்தித் தர்றோம், வண்டிக் கூலி அனுப்புங்க". மாத்தித் தர இது என்ன செருப்பா? ரெண்டு மாசச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க.

'டீகப்'னு ஒரு ரகமே கிடையாது. நாய் ரகங்களைப் பதிவு பண்ற பெரிய கென்னல் கிளப் எதுவும் அதை அங்கீகரிக்கலை. யார்க்‌ஷயர் டெரியருக்கு 3.2 கிலோ வரைக்கும் எடை உண்டு. அதை ஒரு கிலோவுக்குச் சுருக்கணும்னா வத்தலாப் பொறந்ததுகளையே இணை சேர்க்கணும், இல்லைன்னா அரைப்பட்டினி போடணும், இல்லைன்னா வயசுல பொய் சொல்லணும்.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல ஓட மாட்டேங்குது. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. தாய் நாயை நேர்ல பார்க்காம காசு குடுக்காதீங்க. முதல்ல உங்க டாக்டர் பல், உச்சி, முழங்கால் சில்லு பார்க்கட்டும், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனையும் எடுக்கட்டும். கழுத்துப் பட்டை வேண்டாம், மூச்சுக்குழாய் அமுங்கிடும், மார்புப் பட்டை போடுங்க. சோபாவுல இருந்து குதிச்சாலே முன்னங்கால் ஒடியும். சுருண்டு விழுந்தா ஈறுல கொஞ்சம் தேன் தடவுங்க, வாய்க்குள்ள ஊத்தாதீங்க, உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.