டெல்லிக் குளிரிலிருந்து இருவர்: காலியா, மஸ்கட்டா, வியன்னாவா?

டெல்லியில் குளிர்கால வெளிநாட்டுப் பயணம் என்று பேச்செடுத்தாலே வீடு இரண்டு கட்சியாகிவிடும். ஒருவருக்கு வெயில் வேண்டும். டிசம்பர் இருபதைத் தாண்டினால் சூரியன் எப்போது வரும் என்றே தெரியாத ஊரில் அது நியாயமான ஆசைதான். இன்னொருவருக்கோ, இவ்வளவு குளிரைத் தாங்கிவிட்டோம், பனி விழுவதையாவது ஒருமுறை பார்க்கலாமே என்றிருக்கும். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போய்விட்ட, எங்கும் அரக்கப்பரக்க ஓட விரும்பாத தம்பதிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை. பாதி சுற்றிப் பார்க்க, பாதி சும்மா இருக்க.

எதிரெதிரே நிறுத்திப் பார்க்கப்போவது மூன்று ஊர்கள்: இலங்கையின் தென்கரையில் இருக்கும் காலி, ஓமனின் மஸ்கட், ஆஸ்திரியாவின் வியன்னா. மயூர் விஹாரிலும் ஆர்.கே.புரத்திலும் இப்போது எல்லார் வாயிலும் வியட்நாம்தான் என்பதால் அதையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம். துபாயையும் தாய்லாந்தையும் சேர்க்கவில்லை. அங்கே போய்வந்தவர்கள் உங்கள் மாடியிலேயே இருப்பார்கள், லிஃப்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பயணம் நிதானமானதா இல்லையா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது இரண்டே விஷயம். எத்தனை முறை பெட்டி கட்ட வேண்டியிருக்கும்? சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஊரில் என்ன செய்துகொண்டிருப்போம்? டூர் கம்பெனிகளின் அட்டவணையில் முதல் கேள்விக்கே ஆட்டம் காலி. எட்டு இரவு, ஐந்து ஊர், காலை ஏழரைக்குப் பஸ் கிளம்பும் என்று போட்டுவிட்டு அதற்கு 'லெஷர்' என்று பெயரும் வைப்பார்கள்.

பெட்டி விஷயத்தில் காலி சுலபமாக ஜெயிக்கிறது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் காரில் போகலாம். அல்லது கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினால், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் நாலு தென்னை மரம்தான் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேரலாம். காலிக் கோட்டைக்குள்ளேயோ, பக்கத்தில் உனவட்டுனவிலோ ஓர் அறை எடுத்தால் பயணம் முடியும்வரை அதே அறைதான். திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸ போக வேண்டுமா? காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் நீலத் திமிங்கிலங்கள் தென்படும் காலம்.

வியன்னாவிலும் ஓர் அறை போதும், ஆனால் மனசைக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் சால்ஸ்பர்க், இந்தப் பக்கம் பிராக், அந்தப் பக்கம் புடாபெஸ்ட் என்று ரயில் அட்டவணை கையைப் பிடித்து இழுக்கும். இவ்வளவு செலவு பண்ணி வந்துவிட்டு அதை விடுவதா என்ற எண்ணம் வந்துவிட்டால் அப்புறம் நிதானம் எங்கே? வியன்னா என்றால் வியன்னா மட்டும், கூடப்போனால் ஒரே ஒரு பகல் வெளியூர். அப்படி இருக்க முடியாதவர்கள் அதை நிதானப் பயணப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

மஸ்கட் இந்தக் கேள்வியில் கொஞ்சம் சறுக்குகிறது. ஓமனின் அழகு மஸ்கட்டுக்குள் இல்லை. 160 கிலோமீட்டர் தள்ளி நிஸ்வா, அதற்கு மேலே 2,000 மீட்டர் உயரத்தில் ஜெபல் அக்தர், வேறு திசையில் வஹீபா மணல்மேடுகள், கடற்கரைச் சாலையில் வாதி ஷாப் (வாதி என்றால் ஓடைப் பள்ளத்தாக்கு). எல்லாவற்றுக்கும் கார் வேண்டும். சாலைகள் வழவழவென்று இருக்கும், ஆனால் வண்டி ஓடுவது வலப்பக்கம், ஸ்டியரிங் இடப்பக்கம். ஜெபல் அக்தருக்கு ஏறும் வழியில் போலீஸ் சாவடியில் நிறுத்தி, ஃபோர் வீல் டிரைவ் வண்டிதானா என்று பார்த்துத்தான் மேலே விடுவார்கள். இருவரில் ஒருவருக்குக் கார் ஓட்டுவதே பொழுதுபோக்கு என்றால் ஓமன் சொர்க்கம். இருவருக்கும் இல்லை என்றால் டிரைவரோடு வண்டி எடுக்க வேண்டும், செலவு எகிறும். ஓமானி ரியால் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ஒரு ரியாலுக்கு 2.6 டாலர். நம் காசில் 200 ரூபாய்க்கு மேல். மெனுவில் 'மூன்று' என்று பார்த்ததும் மலிவு என்று தோன்றும், தோன்றவிடாதீர்கள்.

இனி நாலு மணிக்கு வருவோம். டிசம்பர் கடைசியில் வியன்னாவில் நாலு மணிக்குச் சூரியன் மறைந்தே விடுகிறது. காலையில் ஏழே முக்காலுக்குத்தான் விடிகிறது. இதில் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அங்கே கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. டெல்லியில் காலை ஏழரைக்கு எழுந்து பழகிய உடம்பு வியன்னாவில் மூன்று மணிக்கே முழித்துக்கொள்ளும். விடிவதற்கு இன்னும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! முதல் இரண்டு நாள் அந்த இருட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அறையில் கெட்டில் இருக்கிறதா என்று புக் பண்ணும்போதே பார்த்துவிடுங்கள்.

மஸ்கட்டில் அஸ்தமனம் கிட்டத்தட்ட டெல்லி மாதிரியே ஐந்தரைக்குள். ஆனால் பகல் வெப்பம் இருபத்தைந்து டிகிரி வாக்கில், காற்றும் சுத்தம். முத்ரா கடலோரத்தில் நடந்துவிட்டுச் சந்தைக்குள் நுழைந்தால் குந்திரிக்கப் புகை வரவேற்கும். மத்தியான வேளையில் சந்தைக் கடைகள் பெரும்பாலும் சாத்தியிருக்கும், சாயங்காலம்தான் திறக்கும். ஊரே மத்தியானம் தூங்குகிறது என்றால் நமக்கும் குற்ற உணர்ச்சி இல்லாமல் தூங்கலாம், இல்லையா?

காலியில் ஆறு மணி வரை வெளிச்சம். கடிகாரத்தை மாற்றக்கூட வேண்டாம், இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே. போர்த்துகீசியர் ஆரம்பித்து டச்சுக்காரர்கள் பெரிதாகக் கட்டிய கோட்டை. 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நாலரை மணிக்கு மேல் வெயில் தணிந்ததும் ஊர் மொத்தமும் கோட்டை மதிலுக்கு ஏறிவிடும். மதிலின் வடக்குப் பக்கத்தில் நின்றால் கீழே சர்வதேச கிரிக்கெட் மைதானம். மேட்ச் நடக்கும் நாளில் டிக்கெட் வாங்காதவர்கள் புல்மேல் உட்கார்ந்து ஓவர் எண்ணிக்கொண்டிருப்பார்கள். தெற்கே கலங்கரை விளக்கம், அதன் கீழே சின்னக் கடற்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கும்மாளம். மதிலைச் சுற்றி வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மாங்காய்த் துண்டில் மிளகாய்த்தூள் போட்டு விற்பவரைப் பார்த்தால் நிற்க வேண்டும், ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்தால் நிற்க வேண்டும், எனவே இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதே மதில், அதே நடை. எனக்கு அலுக்காது. தினம் ஒரு புது இடம் வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு சொன்னபிறகு வியன்னா தோற்றுவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? அவசரப்பட வேண்டாம். டெல்லிவாசிக்கு ஐரோப்பியக் குளிர் ஒரு விதத்தில் நம் வீட்டுக் குளிரைவிடச் சுகம். நம் வீடுகளில் ரஜாய்க்கு வெளியே காலை நீட்டினால் விறைத்துப்போகும். ஹீட்டர் இருக்கும் அறையிலிருந்து குளியலறைக்குப் போவதற்கே மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். அங்கே அறை, ரயில், கடை, மியூசியம் எல்லாமே கணகணப்பு. குளிர் தெருவில் மட்டும்தான். அதனால் நம் பரணிலுள்ள தடிமனான ஸ்வெட்டர்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். உள்ளே மெல்லிசாகத் தெர்மல், மேலே காற்றுப் புகாத ஒரு கோட், நல்ல ஷூ. உள்ளே நுழைந்ததும் கழற்ற வேண்டும். மியூசியங்களிலும் ஆப்பெராவிலும் கழற்றிய கோட்டை வாங்கி வைக்கத் தனி இடமே உண்டு.

நாலு மணி இருட்டுக்கும் அந்த ஊர் பதில் வைத்திருக்கிறது, காபி ஹவுஸ். கஃபே சென்ட்ரல் 1876-இல் திறந்தது. கஃபே ஸ்பெர்ல் 1880-இல். முன்னதில் வாசல்வரை க்யூ நிற்கும், பின்னதில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். மெலாஞ்ச் கேட்டால் சின்ன வெள்ளித் தட்டில் காபி வரும், பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர். மரச்சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள்கள், பளிங்கு மேஜை, கறுப்புக் கோட்டுப் பணியாளர். ஒரே ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் பில்லைக் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள். நாமாகக் கேட்க வேண்டும். கனாட் பிளேஸில் கடைசி வாயை விழுங்குவதற்குள் மேஜையைத் துடைத்துவிடுவதற்குப் பழகியவர்களுக்கு முதலில் சங்கடமாக இருக்கும். அப்புறம் ஸ்டேட் ஆப்பெராவில் நின்றுகொண்டே கேட்கிற இடங்களுக்கு மலிவான டிக்கெட் உண்டு. முதல் அங்கம் மட்டும் கேட்டுவிட்டு இடைவேளையில் நழுவினால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒன்று மட்டும், வியன்னாவுக்குப் போவதை டிசம்பரிலிருந்து ஜனவரிக்குத் தள்ளுங்கள். கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகுதான், ஆனால் கூட்டம் நெருக்கித்தள்ளும். விலையும் உச்சத்தில் இருக்கும். 25, 26 தேதிகளில் கடைகளெல்லாம் மூடியிருக்கும். ஜனவரி 6 விடுமுறை முடிந்ததும் ஊர் மூச்சுவிடும், நடனவிருந்துப் பருவம் களைகட்டும். மாத இறுதியில் அஸ்தமனமும் ஐந்து மணியை நெருங்கிவிடும்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவக்காரர்களுக்கு. காலியில் இடியாப்பம், ஆப்பம், சொதி, பருப்பு என்று வீட்டுச் சாப்பாடு மாதிரியே கிடைக்கும், எருமைத்தயிரில் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஊற்றித் தருவது தனி ருசி. ஆனால் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு இடித்துப் போடுவது அங்கே வழக்கம். 'மாசி இல்லாமல்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மஸ்கட்டில் ரூவி பகுதிக்குப் போனால் இட்லி, தோசை, சாம்பார், கவலையே இல்லை. வியன்னாவில் காய்கறி சூப் என்றாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்திருக்கலாம், கேட்டுத்தான் வாங்க வேண்டும். சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் எடுத்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்டுகள் மூடிவிடும் என்பதால் சனிக்கிழமையே தயிரும் பாலும் வாங்கி வைத்துவிட வேண்டும்.

விசாவில் போட்டியே இல்லை. இலங்கைக்கும் ஓமனுக்கும் இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். வியன்னாவுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், ஹோட்டல் பதிவு, கைரேகை. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எனவே ஜனவரியில் போக அக்டோபருக்குள் வேலையை முடிப்பது புத்திசாலித்தனம். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய ஹோட்டல்களை மட்டும் பதிவு செய்யுங்கள்.

காலண்டர் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். ரம்ஜான் ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. 2027-இல் பிப்ரவரி முதல் பாதியில் ஆரம்பம், 2028-இல் ஜனவரி கடைசியில். அந்த மாதம் ஓமனில் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்றைக்கு மதுக்கடை திறக்காது. குளிர்காலத்தில் தென்கரை காய்ந்திருக்கும்போது யாழ்ப்பாணமும் திருகோணமலையும் வடகிழக்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலையும் பார்த்துவிடலாம் என்று இதே பயணத்தில் இணைக்க வேண்டாம். மலையகத்துக்கு ரயிலில் போக ஆசை இருந்தால், 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் அந்தப் பாதையைக் கடுமையாகச் சிதைத்தது என்பதை நினைவில் வைத்து, எதுவரை ரயில் ஓடுகிறது என்று விசாரித்தபின் முடிவெடுங்கள். வியட்நாம்? ஹோய் ஆனில் டிசம்பர் வரை மழை எட்டிப்பார்க்கும், ஹனோய் ஜனவரியில் மூட்டமும் தூறலுமாக இருக்கும், 2027 டெட் புத்தாண்டு பிப்ரவரி 6. அது மார்ச் மாதத்துக்கான நாடு. வெயில் வேண்டுமென்று கிளம்பிவிட்டுக் குடையோடு அலைவானேன்?

ஆக என் வரிசை இதுதான். வேலைக் களைப்பில் இருப்பவர்களுக்கும் வெயில் கட்சிக்காரர்களுக்கும் காலி, ஒரே அறை, ஏழு இரவு. பனிக் கட்சிக்காரர்களுக்கு ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வியன்னா, ஒன்பது இரவு. அதற்குக் குறைந்தால் முழிப்பு சரியாவதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும். ஓமன் மூன்றாவது, காரோட்டிகளுக்கு மட்டும் முதலாவது. வாதிகளுக்குப் போகுமுன் வானிலை பார்ப்பது கட்டாயம். மலையில் மழை பெய்தால் கீழே வறண்ட ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும்.

எந்த ஊர் என்றாலும் டெல்லியிலிருந்து கிளம்பும் நேரத்தை மட்டும் விலை பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிசம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை நள்ளிரவு தாண்டியதிலிருந்து காலை ஒன்பது, பத்து மணிவரை மூடுபனி கெட்டியாக இருக்கும். அந்த நேர விமானம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மத்தியானமோ சாயங்காலமோ கிளம்புகிற விமானமாக எடுங்கள். வரும்போதும் அதே கணக்கு, பகலில் இறங்குவது. விடிகாலையில் வந்தால் டெல்லிக்கு மேலே வட்டமடித்துவிட்டு ஜெய்ப்பூரில் கொண்டுபோய் இறக்கிவிடக்கூடும். வழியில் விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள், இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும்.