காதுக்குள் இரைச்சலா? பணம் கட்டுமுன் தாடையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காதுக்குள் ஓயாமல் ‘ஙீ’ என்று கேட்கிறது என்று சொல்கிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு இதில் போனது 41,500 ரூபாய். இன்னும் ஒரு லட்சத்துச் சொச்சம் போயிருக்கும், மயிரிழையில் தப்பினேன்.

சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் நான். வயது 46. போன வருஷம் மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி படுத்தபோதுதான் முதலில் கேட்டது. பழைய ட்யூப்லைட்டின் சோக் இரையுமே, அந்த மாதிரி, இரண்டு காதிலும். எழுந்துபோய் எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன். ஃபிரிட்ஜையும் அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. வீட்டுக்காரியை எழுப்பி, “உனக்கு ஏதாச்சும் கேக்குதா?” என்றேன். “என்னங்க, ஊரே அடங்கிக் கிடக்கு, படுங்க” என்றாள்.

ரெண்டு வாரம் தூக்கம் இல்லை. அப்போதுதான் செல்போனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘காது கேளாமை, காது இரைச்சல் 90 நாளில் குணம்.’ இடத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. காது கேளாமையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அங்கே போனேன். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர். வயது கேட்டார், சுகர் இருக்கிறதா என்று கேட்டார், அவ்வளவுதான். அடுத்து ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற டெஸ்ட். ஒரு பெண் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது, கதவு திறந்திருக்கிறது, ரிசப்ஷனில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த டெஸ்ட்டைச் சத்தம் புகாத அறையில்தான் எடுக்க வேண்டும் என்று பிற்பாடு தெரிந்தது. காதுக்குக் கேட்க ஆரம்பிக்கிற சத்தத்தின் அளவு 25 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு. எனக்கு 45 என்று போட்டார்கள். அந்தக் காகிதத்தைக் கேட்டேன், ஃபைலில் இருக்கட்டும் சார் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“நரம்பு காய்ஞ்சு போச்சு” என்றார் கோட்டுக்காரர். நரம்பு என்ன கொத்தமல்லியா காய்வதற்கு? இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்குப் பயத்தில் வாய் வரவில்லை.

41,500க்கு பேக்கேஜ். வாரம் ரெண்டு நாள் காதுக்குள் சிவப்பு விளக்கு காட்டுவார்கள், இருபது நிமிஷம். ஒரு எண்ணெய்ச் சொட்டு. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறும் துத்தநாகமும் கலந்த கேப்சூல். அமெரிக்க ஈ.என்.டி மருத்துவர்கள் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியில், காதிரைச்சலுக்கு இந்த ரெண்டையும் பரிந்துரைக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. பணம் கட்டியதற்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதுதான், அதற்காக பில்லுமா கிடையாது? ஊரான் பில்லை எல்லாம் நோண்டி நோண்டிப் பார்க்கிற நான் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. மாதம் 22, 23 தேதி ஆனால் சத்தம் நிஜமாகவே குறையும். “பாத்தீங்களா சார், நரம்பு பிடிக்குது” என்பார். அடுத்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் மறுபடி ஏறும். “மாத்திரையை விட்டுட்டீங்களா?” என்பார். 11ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள், 20ஆம் தேதி 3பி என்ற இன்னொரு ரிட்டர்னுக்கு. அந்த நாட்களில் ராத்திரி பதினோரு மணி வரை ஆபீசில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கடித்துக்கொண்டுதான். அதை யாரும் கேட்கவுமில்லை, எனக்கு உறைக்கவுமில்லை.

தொண்ணூறு நாள் முடிந்தது. கவுன்சலிங் என்று ஒரு பையன் உட்காரவைத்தான். “அண்ணா, நரம்பு அறுபது பர்சன்ட்தான் பிடிச்சிருக்கு. மிஷின் வெச்சாத்தான் மிச்சம் காப்பாத்தலாம். ரெண்டு காதுக்கும் 95,000, ஜிஎஸ்டி 18 பர்சன்ட் சேர்த்து 1,12,100. ஈஎம்ஐ போட்டுக்கலாம்ணா.”

அங்கேதான் எனக்கு முழிப்பு வந்தது. காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2017இல் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்தே கிடையாது. காது நரம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், வரியில் என்னிடம் கதை விட முடியாது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அரசு மருத்துவமனை ஈ.என்.டி ஓபி. ரெண்டரை மணி நேரம் வரிசை. சத்தம் புகாத பெட்டி அறையில் டெஸ்ட் எடுத்தார்கள். ரெண்டு காதும் 20 டெசிபலுக்குள். டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு, “பல்லை நல்லா இறுக்கிக் கடிங்க சார். சத்தம் மாறுதா?” என்றார். கடித்தேன். ரேடியோவில் சவுண்டைத் திருகின மாதிரி எகிறியது. ஒன்றும் பேசாமல் பல் ஓபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருந்தது என் அக்கா மகள் வயசில் ஒரு டாக்டரம்மா. “ரெண்டு சுண்டு விரலையும் காதுக்குள்ள விட்டு, வாயைத் திறந்து மூடுங்க” என்றார். நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். விரல் நுனியில் ஒரு எலும்பு முன்னும் பின்னும் நகரும். அதுதான் தாடை மூட்டு. காதுத் துவாரத்துக்கும் அதற்கும் நடுவே மெல்லிய சுவர்தான். பிறகு கன்னத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வலது பக்கம் உயிர் போகிற வலி, கூடவே சத்தமும் ஏறியது. நாக்கை நீட்டச் சொல்லிக் கண்ணாடியைக் காட்டினார். ஓரமெல்லாம் பல் பதிந்து, பழைய பத்துப் பைசாவின் விளிம்பு மாதிரி நெளிநெளியாக இருந்தது. நாற்பத்தாறு வருஷமாக என் வாய்க்குள் இருக்கிற நாக்கு, அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அவர் விளக்கியதும் பிறகு நான் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். மெல்லுகிற தசைகளுக்குப் போகிற அதே நரம்பின் ஒரு கிளைதான் செவிப்பறையை இழுத்துப் பிடிக்கிற குட்டித் தசைக்கும் போகிறது. தாடையிலிருந்து போகிற சேதி, மூளைத்தண்டில் காதுச் செய்தி வந்து சேருகிற இடத்திலும் கலக்கிறது. தசை ஓயாமல் இறுகிக் கிடந்தால் அங்கே வெட்டிச் சத்தம் கிளம்பலாம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஊரில் காஸ்டன் என்ற காது மருத்துவர், தாடை மூட்டுக் கோளாறால் காதில் வரும் தொல்லைகளைப் பற்றி 1934லேயே எழுதிவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் பல பின்னால் நிற்கவில்லை, ஆனால் தாடைக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு என்பது நிலைத்துவிட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பல்லைக் கடித்தால் சத்தம் மாறுகிறது என்பதற்காகத் தாடைதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. இரைச்சல் உள்ள நிறையப் பேருக்கு அப்படி மாறும். கேட்கும் திறன் குறைவதால் வருகிற இரைச்சல்தான் அதிகம், அவர்களுக்கு மிஷின் உண்மையிலேயே உதவும். ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து துடிக்கிற சத்தம், கூடவே தலைசுற்றல், இப்படி இருந்தால் ஈ.என்.டி டாக்டரிடம் கட்டாயம் போங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள், நாள் தள்ளத் தள்ள மருந்து பிடிக்கிற வாய்ப்பு குறையும்.

எனக்குச் சொன்ன வைத்தியம் சப்பென்று இருந்தது. உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் படக்கூடாது. ‘ன்’ என்று சொல்லி நிறுத்தினால் நாக்கு எங்கே நிற்குமோ அங்கேயே நிற்கட்டும். ராத்திரி கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம். முறுக்கு, கரும்பு, பாக்கு வேண்டாம். தூங்கும்போது பல்லோடு பல் உரசாமல் பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ள ஒரு உறை, நைட் கார்டு என்பார்கள். ஆபீசில் மறந்துவிடுகிறது என்று புலம்பினேன். வீட்டுக்காரி தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, மானிட்டர் மூலையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். பொட்டைப் பார்த்தால் பல்லைப் பிரிக்க வேண்டும். முதல் நாள் நாற்பது தடவையாவது பிரித்திருப்பேன். நாலு மாதத்தில் சத்தம் பெரும்பாலான நாட்கள் தேடினால்தான் கேட்கும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. 18, 19 தேதிகளில் தலைகாட்டும்.

நடுவில் இன்னொரு கூத்து. நைட் கார்டு செய்ய ஒரு தனியார் பல் கிளினிக் போனால், “உங்க கடியே தப்பு சார், எல்லாப் பல்லையும் ராவி கேப் போட்டா இரைச்சல் போயிடும்” என்று 1,80,000 எஸ்டிமேட் நீட்டினார்கள். திரும்பச் சரிசெய்ய முடியாத எதற்கும் சம்மதிக்காதீர்கள் என்று டாக்டரம்மா முன்னமே சொல்லி அனுப்பியிருந்தார். ராவின பல் முளைக்காது. காதுக் கடையிலிருந்து தப்பித் தாடைக் கடையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆடியோகிராம் எடுப்பவர் ஆர்சிஐயில், அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், பதிவு செய்தவரா என்று கேளுங்கள். காகிதத்தைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். என்னுடையதை வாங்க மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் காகிதம் தயார். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். போன வாரம் அந்தக் கவுன்சலிங் பையன் கூப்பிட்டான். “அண்ணா, ரிவ்யூவை எடுத்துடுங்க, 15,000 திருப்பித் தந்துடறோம்.” முழுப் பணத்தையும் தாருங்கள், வாங்கினதற்கு ஒரு பில்லும் சேர்த்துத் தாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை.