கழுத்து வலிக்கு லேசரா, எல்இடியா?

வலிக்குக் குறைதிறன் ஒளி சிகிச்சைக் கருவி (வலிக்கும் இடத்தில் வலிமை குறைந்த ஒளியைப் பாய்ச்சுவது) வாங்கப் போனால் இரண்டு வகை கிடைக்கும்: பேனா வடிவ லேசர், உடலில் சுற்றிக்கொள்ளும் எல்இடி பட்டை. என் கழுத்து வலிக்கு நான் வாங்கியது பட்டை. விலை குறைவு, கண்ணுக்கு ஆபத்தும் குறைவு என்பது தெரிந்ததுதான்.

லேசரின் பெருமைக்குக் காரணம் வரலாறு. 1960-இல் அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் மைமன் ரூபி லேசரை உருவாக்கினார். அது புற்றுநோய் உண்டாக்குமா என்று 1967-இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் எலிகளிடம் சோதித்தார். புற்று வரவில்லை, மயிர் மழித்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. பின்னர் ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியை ஆறாத புண்களில் பாய்ச்சினார். போதிய வலிமையுள்ள ஒரே நிற ஒளிக்கு அன்று லேசரை விட்டால் வேறு வழி அரிது. 1962-இல் நிக் ஹோலோன்யாக் உருவாக்கிய சிவப்பு எல்இடி மிக மங்கலானது. விண்வெளியில் செடி வளர்க்க நாசா பயன்படுத்திய எல்இடிகள் பிற்பாடு காயம் ஆற்றும் ஆய்வுகளுக்கு வந்தன.

எனக்கு முடிவைத் தந்தது ஒளியின் அளவு. குறைந்தால் பலன் இல்லை. மிகுந்தால் கிடைத்த பலனும் போய்விடும். சதுர செ.மீ.க்கு 4 ஜூல் ஒளியாற்றல் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர செ.மீ. இடத்தில் 100 மில்லிவாட் (அதாவது விநாடிக்கு 0.1 ஜூல்) பாய்ச்சும் லேசருக்கு 40 விநாடி போதும். ஆனால் என் கழுத்தில் வலிக்கும் பரப்பு சுமார் 60 சதுர செ.மீ.; புள்ளி புள்ளியாக நகர்த்தினால் 40 நிமிடம். கை நடுங்கும், ஓரிடம் இருமுறை படும், இன்னோரிடம் விடுபடும். சதுர செ.மீ.க்கு 20 மில்லிவாட் தரும் பட்டை முழுப் பரப்பையும் 200 விநாடியில் முடித்துவிடும். தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் செய்ய வேண்டிய சிகிச்சையில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, மருத்துவமனையில் வாய்க்குள் சிறு இடங்களைக் குறிவைக்கும்போது லேசரின் பக்கம் நிற்பேன். முழங்கால் போன்ற ஆழமான மூட்டுகளில் நான் எதையும் பயன்படுத்தியதில்லை. அங்கே மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் சதுர செ.மீ.க்கு எத்தனை மில்லிவாட் என்று பெட்டியில் பாருங்கள். அந்த எண் அச்சிடப்படாத கருவியை வாங்காதீர்கள். எத்தனை நிமிடம் வைப்பது என்று கணக்கிடவே முடியாது.