இரண்டு ராத்திரி, மூன்று மலை, 2,800 ரூபாய் ஸ்லீப்பிங் பேக்

ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு வாங்கிய ஸ்லீப்பிங் பேக் இது. கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. இதே பையை நாலைந்து பெயரில் விற்கிறார்கள், படத்தில் நிறம்கூட மாறவில்லை, அதனால் ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டி என்ன ஆகப்போகிறது. உறையின் மேல் கொட்டை எழுத்தில் 'மைனஸ் 5 டிகிரி' என்று அச்சடித்திருந்தது. மூணாறுப் பக்கத்து ஜனவரிக் குளிருக்கு இது தாராளம் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வாங்கிவிட்டேன்.

குளிர் எனக்குப் புதிதில்லை. பிறந்து வளர்ந்தது தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். இப்போது போடியில் என்னோடு இருக்கிறார், மலையிலிருந்து இறங்கும்போது கொண்டுவந்த கறுப்புக் கம்பளி மட்டும் பரணில் கிடக்கிறது, போடி வெயிலில் அதை யார் தொடுவார்கள். நான் பையைப் பிரித்து ஹாலில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல பஞ்சே இல்லையேடா, கம்பிளியையும் எடுத்துட்டுப் போ" என்றார். நான் எடுக்கவில்லை. கூட வந்த பாண்டி, "அத்தை, எனக்குக் குடுங்க" என்று வாங்கிச் சுருட்டிக்கொண்டான். அவனிடம் ஸ்லீப்பிங் பேக் கிடையாது, வாங்குகிற உத்தேசமும் கிடையாது.

பாண்டி போடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்திருப்பார்கள் இல்லையா, அதைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தான். கடையில் வேறொன்று மாட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்தான். இந்த விமர்சனத்தில் வருகிற டிகிரிக் கணக்கெல்லாம் அந்தத் தெர்மாமீட்டரின் உபயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சூரியநெல்லியில் ஒரு தனியார் டெண்ட் இடத்தில் முதல் ராத்திரி. டெண்ட் அவர்களுடையது, பை என்னுடையது. அது மலைச்சரிவு, காற்று நன்றாக அடிக்கும். காலை நாலு மணிக்குத் தெர்மாமீட்டர் டெண்டுக்குள்ளே 7 காட்டியது. தூக்கம் வந்தது, ஆனால் தோள்பட்டை மட்டும் சில்லென்றே இருந்தது. காலையில்தான் காரணம் தெரிந்தது, தலைப்பக்கம் இருக்கிற கயிற்றை இழுத்துச் சுருக்கவே இல்லை, ராத்திரி முழுக்கப் பைக்குள் இருந்த சூடு கழுத்து வழியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. போதாததற்கு வியர்த்த பனியனோடு படுத்திருந்தேன். இந்த இரண்டும் என் தப்பு, பையின் கணக்கில் எழுதக்கூடாது.

நாலரைக்கு ஜீப். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஜீப் போகிற பாதை கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான். அந்தப் பாதையைப் பாதை என்று சொல்வது பெருந்தன்மை. ஜீப்பில் பையை முதுகுக்குப் பின்னால் திணித்துக்கொண்டேன், அந்த ஒரு மணி நேரத்துக்கு அது செய்த உபகாரத்துக்கே பாதிக் காசு கழிந்துவிட்டது. மேலே ஏறி, சிங்கப்பாறை பக்கம் நின்றால் கீழே தேனிப் பக்கம் முழுக்க மேகம், நம் ஊர் அதற்கடியில் எங்கேயோ. பாண்டி ரொம்ப நேரம் போடி எந்தப் பக்கம் என்று தேடினான். எஸ்டேட் ஃபேக்டரியில் டீ குடித்தோம். 8,000 அடியை ஒட்டிய உயரம், அங்கே தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனால் அதுவும் நாக்கைச் சுடுகிற சூடுதான், ஊதி ஊதித்தான் குடித்தோம். மணம் அபாரம்.

குரங்கணிப் பக்கம் இறங்குகிற பழைய பாதையைக் காட்டி ஒருவர் ஆசை காட்டினார். வேண்டாம் என்றுவிட்டோம். 2018 மார்ச் 11-ஆம் தேதி இதே சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள், போடிக்காரர்கள் யாரும் அந்த வாரத்தை மறக்க மாட்டார்கள். அனுமதி இல்லாத பாதையில் போகாதீர்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் மூணாறு வழியாக மீசப்புலிமலை அடிவார முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். கேரள வன வளர்ச்சிக் கழகம் நடத்துகிற இடம், முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும், வழிகாட்டி கூடவே வருவார். சாப்பாடு சூடாக இருந்தது, வழிகாட்டி அண்ணன் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே வாக்கியத்தில் பேசினார், குறை சொல்ல எதுவுமில்லை. சாயங்காலம் பக்கத்துக் குன்று ஒன்றில் ஏறி இறங்கினோம், காட்டுப்பூவரசு அங்கங்கே சிவப்பாகப் பூத்திருந்தது.

இனிதான் கதை. முகாம் பள்ளத்தில் இருக்கிறது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. காற்று இல்லாததால் நேற்றைவிட இன்று சுகமாகத் தூங்கலாம் என்றேன். வழிகாட்டி அண்ணன் சிரித்தார். லயத்தில் வளர்ந்துவிட்டு நான் இதை மறந்தது வெட்கக்கேடு. மேகம் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் வந்து தேங்கும். உறைபனிக்குக் கருகுகிற தேயிலையும் முதலில் பள்ளத்துத் தேயிலைதான். உச்சியில் இருப்பவனைவிட அடியில் படுத்திருப்பவனுக்குக் குளிர் ஜாஸ்தி.

பத்து மணிக்குப் படுத்தேன். பனியன் மாற்றி, உலர்ந்த சாக்ஸ் போட்டு, கயிற்றை இழுத்து மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி சுருக்கிக்கொண்டேன். பன்னிரண்டு வரைக்கும் சுகம். அப்புறம் முதுகு. மேலே சூடாக இருக்கிறது, கீழே யாரோ ஐஸ் பலகையை வைத்த மாதிரி. ஒருக்களித்தால் இடுப்பெலும்பு, மறுபடி புரண்டால் தோள். பையில் அடைத்திருக்கிற பஞ்சு உப்பி நிற்கும்போதுதான் காற்றைப் பிடித்துவைத்துச் சூடு காக்கும், நம் உடம்புக் கனத்தில் அடிப்பக்கம் அப்பளமாக நசுங்கிவிடுகிறது. அப்புறம் தரைக்கும் முதுகுக்கும் நடுவில் இருப்பது இரண்டு துணி, அவ்வளவே. டெண்டில் போட்டிருந்த மெல்லிய ஷீட் பேருக்குத்தான்.

இரண்டு மணிக்கு வெளியே போக வேண்டிய அவசரம். ஜிப்பை இழுத்தேன், ஒரு சாண் வந்தது, நின்றுவிட்டது. உள்பக்கம் ஜிப்பை ஒட்டிக் காற்று புகாமலிருக்க ஒரு மெல்லிய துணிப்பட்டை தைத்திருக்கிறார்கள், அதை ஜிப் கவ்விப் பிடித்துக்கொண்டது. விரல் மரத்துப்போயிருந்தது. மேலே இழுத்தாலும் வராது, கீழே இழுத்தாலும் வராது, தோள் வரைக்கும் பைக்குள், கை மட்டும் வெளியே. பாண்டியை எழுப்பினேன். அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, "அசையாத மாப்ள, ஊசி போட்ட மாதிரி ஆயிரப் போகுது" என்று, துணியை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜிப்பை இம்மி இம்மியாக நகர்த்தினான். ஐந்து நிமிஷம். என் வாழ்க்கையிலேயே நீளமான ஐந்து நிமிஷம். நல்ல பைகளில் அந்தப் பட்டைக்கு ஓரத்தில் விறைப்பாக ஒரு நாடா வைத்துத் தைத்திருப்பார்கள், ஜிப் கவ்வாது. இதில் அந்த நாடாவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

வெளியே போய்விட்டு வந்து தெர்மாமீட்டரைப் பார்த்தோம். டெண்டுக்குள் 3. "இன்சுலின் கெடாது" என்றான் பாண்டி. புல்லின் மேல் வைத்துவிட்டுப் படுத்து, ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் மைனஸ் 1. ஆக நான் படுத்திருந்தது 3 டிகிரியில், பையில் எழுதியிருப்பது மைனஸ் 5, நான் நடுங்கியது நிஜம். எங்கேயோ இடிக்கிறதே என்று டார்ச் வெளிச்சத்தில் பையைக் குடைந்ததில், உள்பக்கத் தையலில் தீப்பெட்டி அளவு வெள்ளைத் துணி ஒன்று கிடைத்தது. அதில் மூன்று எண்கள். கம்ஃபர்ட் 6, லிமிட் 1, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 14.

இந்த மூன்றும் ஐஎஸ்ஓ என்கிற சர்வதேசத் தர அளவில் வருகிறவை. கம்ஃபர்ட் என்றால் சராசரிப் பெண் ஒருவர் கை காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்றால் சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து, விழிக்காமல் எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது தூக்கத்துக்கான எண்ணே இல்லை, ஆறு மணி நேரம் உயிர் போகாமல் இருக்கலாம் என்பதற்கான எண், விரல் விறைத்துப்போவதற்கு அவர்கள் பொறுப்பில்லை. அதுவும் இந்தச் சோதனையெல்லாம் அடியில் நல்ல மேட் போட்டு, உடம்பில் உள்ளுடுப்போடுதான் செய்கிறார்கள். சரி, உறையில் இருக்கிற மைனஸ் 5 இந்த மூன்றில் எது? எதுவுமில்லை. எங்கிருந்து வந்ததென்று அச்சடித்தவனுக்கே வெளிச்சம். வாங்கும்போது விற்பனைப் பக்கத்திலும் அந்த ஒரு எண் மட்டும்தான் இருந்தது, வெள்ளைத் துணியைப் படம் எடுத்துப் போடவில்லை. என் பெரிய குறை இதுதான். ஜிப்பைக்கூட மன்னித்துவிடலாம்.

பாண்டி ஜம்மென்று தூங்கியிருந்தான். கம்பளியை நாலாக மடித்து அடியில் போட்டு, மேலே அவனுடைய ஜெர்கினும் முகாமில் கொடுத்த பையும். நான் ஆற்றாமையோடு கேட்டதற்கு, "மேல என்ன போத்துனாலும் கீழ விட்டா போயிருமே மாப்ள" என்றான், ஏதோ நூறு மலை ஏறியவன் மாதிரி. ஐந்து மணிக்கு அந்தக் கம்பளியில் பாதியைப் பிடுங்கி என் பைக்கு அடியில் தள்ளிக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் முதுகுக்கு உயிர் வந்தது. முக்கால் மணி நேரம் கிடைத்த தூக்கம், அந்த ராத்திரியிலேயே அதுதான் தூக்கம். ஆனால் கம்பளி மட்டும் போதும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். இரும்பு மாதிரி கனம், ஆட்டு வாடை, பாண்டி அதைச் சுமந்து ஏறும்போது விட்ட வசவுகளை இங்கே எழுத முடியாது.

காலையில் டெண்டைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளை. மூணாறில் ஸ்னோ விழுகிறது என்று வருஷா வருஷம் யாராவது வீடியோ அனுப்புவார்கள், அது வானத்திலிருந்து விழுவதில்லை, காற்றில் இருக்கிற ஈரம் அப்படியே புல்லில் உறைந்து ஒட்டிக்கொள்வது, வெயில் பட்டால் போச்சு. ஆனாலும் நடக்கும்போது ஷூவுக்கடியில் நறநறவென்று நொறுங்குகிற சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாண்டி ஒரு புல்லை ஒடித்து நக்கிப் பார்த்தான். எதற்கென்று கேட்கவில்லை.

மீசப்புலிமலை 2,640 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியைவிட 55 மீட்டர்தான் குறைவு. ஒரே மூச்சில் ஏறுகிற மலை இல்லை, ஒன்று ஏறினால் அந்தப் பக்கம் இறங்கி இன்னொன்று, இதுதான் உச்சி என்று நம்பி ஏறினால் பின்னால் வேறொன்று நிற்கும். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது, ஆனால் வெறும் ஸ்வெட்டரோடு நிற்க முடிந்தது, பள்ளத்தில் பட்ட பாடு அங்கே இல்லை. நேற்றுக் காலை நாங்கள் நின்ற கொழுக்குமலையை வழிகாட்டி அண்ணன் கை நீட்டிக் காட்டினார்.

பைக்கு வருகிறேன். நல்லது என்ன? கனம் ஒன்றரைக் கிலோவுக்குள், சுருட்டினால் ஒரு குடம் அளவுக்கு அடங்குகிறது. வெளித்துணியில் டெண்டின் ஈரம் சொட்டியும் உள்ளே இறங்கவில்லை. அடைத்திருப்பது செயற்கைப் பஞ்சு, வாத்து இறகு இல்லை, அதனால் கொஞ்சம் நனைந்தாலும் சூட்டை முழுக்க விட்டுவிடாது, நம் பக்கத்து ஈர மலைகளுக்கு இதுவே சரி. துவைத்தேன், பிரியவில்லை. கொடைக்கானல், வாகமண் மாதிரி இடத்தில் 8, 10 டிகிரி ராத்திரிகளுக்கு 2,800 ரூபாய் நியாயமான விலை. உறைபனி இடத்துக்கு என்றால் அடியில் ஒரு நல்ல ஃபோம் மேட் கட்டாயம், அதற்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள், பையில் 1,000 ரூபாய் குறைத்தாவது மேட் வாங்குங்கள். நிஜமான பனிமலைக்கு, இமயமலைப் பக்கத்துக்கு, இதைத் தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், உறையில் உண்மையை எழுதியிருந்தால் நாலு.

திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் பத்து நாள் கெடு தாண்டிவிட்டது. தையல்காரரிடம் கொடுத்து அந்தத் துணிப்பட்டையின் ஓரத்தில் பேண்ட் பெல்ட் நாடா வைத்துத் தைத்தேன், 60 ரூபாய், இப்போது ஜிப் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. கம்பளியை அலசி மாடியில் காயப்போட்டு மறுபடி பரணில் ஏற்றப் போனேன். அம்மா, "கீழயே வை, அடுத்த தடவை அந்தப் பையனுக்கும் வேணும்ல" என்றார்.