அடுக்குமுறைக் கீரைப் பண்ணை: முன்பணம் கட்டுவதற்கு முன் மின்கட்டண ரசீதைக் கேளுங்கள்

ஏற்காட்டு மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியில் வாடகைக்கு எடுத்த ஒரு கிடங்கில், மண்ணில்லாமல் அடுக்கடுக்கான ரேக்குகளில் விளக்கு வெளிச்சத்திலேயே கீரை வளர்க்கும் அடுக்குமுறைப் பண்ணையை 14 மாதங்கள் நடத்தி, போட்ட 26 லட்சம் ரூபாயில் பெரும்பகுதியை இழந்து, சென்ற மாதம் அதை மூடிவிட்டேன். பண்ணையை அமைத்துக் கொடுத்த நிறுவனம் இப்போதும் சேலம், நாமக்கல் பக்கங்களில் கூட்டம் நடத்தி முன்பணம் வாங்கிக்கொண்டிருப்பதாகத் தெரியவந்ததால் இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

அவர்கள் கொடுத்த திட்ட அறிக்கையில் ஐந்து அடுக்கு ரேக்குகள், 600 எல்இடி குழல் விளக்குகள், மாதம் 1,200 கிலோ லெட்டூஸ் (சாலட் கீரை), கிலோவுக்கு 300 ரூபாய் என அவர்களே திரும்ப வாங்கிக்கொள்ளும் மறுகொள்முதல், 18 மாதங்களில் முதல் திரும்பிவிடும் என்றெல்லாம் இருந்தது. மின்செலவுக்கு ஒரே ஒரு வரிதான்: மாதம் 18,000 ரூபாய். விவசாயம் என்பதால் மின்சாரம் இலவசமாகவே கிடைக்கும் என்றும், மலைக்காற்று வீசும் இடமாகையால் ஏசி அதிகம் ஓடாது என்றும் வாயால் சொன்னார்கள். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்பது பம்புசெட்டுக்குத்தான். என் கிடங்குக்குக் கிடைத்தது வணிக இணைப்பு. யூனிட்டுக்கு ஏறக்குறைய 10 ரூபாய்.

கணக்கை நான் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒரு குழல் விளக்கு 18 வாட். 600 விளக்குகள் நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரிந்தால் 173 யூனிட், மாதத்துக்கு ஏறத்தாழ 5,200 யூனிட். விளக்குக்கு மட்டுமே 52,000 ரூபாய். விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் அந்த அறைக்குள் வெப்பமாகத்தான் மாறுகிறது என்பதால், அதை வெளியேற்ற ஏசி ஓட வேண்டும். அதோடு மோட்டாரும், உப்புத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரமும் சேர்ந்து மாதம் 7,500 யூனிட் ஆனது. மிக நன்றாக விளைந்த மாதத்தில் எனக்குக் கிடைத்தது 390 கிலோ. அப்படியானால் ஒரு கிலோவுக்கு 190 ரூபாய் மின்சாரத்துக்கே போய்விட்டது. வாடகை, இரண்டு பேர் சம்பளம், விதை, உரக்கரைசல், வங்கி வட்டி எல்லாம் அதற்கு மேல். திறன் மிகுந்த விளக்குகள் உள்ள பண்ணைகளிலேயே கிலோ லெட்டூஸுக்குச் சுமார் 10 யூனிட் தேவைப்படுகிறது. அந்தக் கணக்கில் 1,200 கிலோவுக்கு 12,000 யூனிட் வேண்டும். ஆகவே அறிக்கையில் இருந்த விளைச்சலும் 18,000 ரூபாய் மின்செலவும் ஒருசேர உண்மையாக இருக்கவே முடியாது.

ஏப்ரலில் வெயில் ஏறியபோது, கொடுக்கப்பட்ட இரண்டு ஏசிகளால் அறை குளிரவில்லை. தொட்டியில் கரைசல் வெதுவெதுப்பாகவே இருந்தது. ஒரு காலையில் செடியைத் தூக்கிப் பார்த்தேன். பஞ்சுபோல் வெள்ளையாக இருக்க வேண்டிய வேர், ஊறவைத்த புளியைப் போலப் பழுப்பாகக் குழைந்து, விரலில் வழவழவென்று ஒட்டியது. எல்லாக் குழாய்களிலும் ஒரே தண்ணீர் சுற்றியதால் வேரழுகல் நான்கே நாட்களில் அறை முழுதும் பரவிற்று. ஆலோசனைக்கென்று கொடுத்த எண்ணில் எவரும் எடுக்கவில்லை.

மறுகொள்முதலும் அப்படியே. ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில், 150 கிராமுக்குக் குறையாத முதல் தரச் செடிகளை மட்டும், "நிறுவனத்தின் தேவைக்கு ஏற்ப" எடுப்பதாக இருந்தது. இரண்டு முறை எடுத்தார்கள், பிறகு தேவை இல்லை என்றார்கள். நீலகிரியிலிருந்து வரும் லெட்டூஸ் என் மின்செலவைவிடக் குறைந்த விலைக்குச் சேலத்தில் கிடைக்கும்போது ஓட்டல்காரர்கள் என்னிடம் ஏன் வாங்க வேண்டும்?

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அவர்களுடைய மாதிரிப் பண்ணையைப் பார்க்கப் போன அன்று, வாழப்பாடியில் மரவள்ளி பயிரிடும் என் அத்தையையும் அழைத்துப் போயிருந்தேன். பரிசாகக் கொடுத்த லெட்டூஸின் அடியிலையை விலக்கிப் பார்த்துவிட்டு அவர், "ஏங்கண்ணு, மண்ணே இல்லாம வெளையுதுன்னாங்களே, இதுல செம்மண்ணு ஒட்டிக்கெடக்குதே?" என்று கேட்டார். பக்கத்தில் எங்கோ பட்டிருக்கும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். வயலில் விளைந்ததை வாங்கி வந்து ரேக்கில் செருகியிருந்தார்கள் என்றே இப்போது நம்புகிறேன்.

கூட்டத்தில் அவர்கள் காட்டிய படங்கள் அமெரிக்கப் பண்ணைகளுடையவை. ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனிலேயே திவால் பாதுகாப்பு கோரியது. பவரி 2024 நவம்பரில் மூடப்பட்டது. பிளென்டி 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. பெருமுதலீடு திரட்டிய நிறுவனங்களுக்கே இந்த நிலை. சூரிய ஒளியைப் பயன்படுத்தும் பசுமைக்குடில் வேறு கணக்கு. அதையும் இதையும் ஒன்றாகப் பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

யாராவது உங்களை அணுகினால், ஓராண்டுக்கு மேலாக ஓடும் வாடிக்கையாளர் ஒருவரின் 12 மாத மின்கட்டண ரசீதுகளையும் விற்பனை பில்களையும் கேளுங்கள். இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் நீங்களே போய் விசாரியுங்கள். மானியம் உறுதி என்று அவர்கள் சொன்னால் அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். என்னுடையதில் ஒரு வரிகூட இல்லை. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கவனிக்க வேண்டியது: வணிக நோக்கில் வாங்கியவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார், ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவருக்கு அதில் விலக்கு உண்டு. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். நானும் அவ்வாறே செய்திருக்கிறேன். என்னுடைய 14 மாத மின்கட்டண ரசீதுகளைக் கோப்பாகக் கட்டி வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிற எவருக்கும் காட்டுகிறேன்.