கமோடை இடம் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள்

சென்னையில் பழைய அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள், பாத்ரூமை மாற்றிக் கட்டும் யோசனை இருந்தால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எங்கள் பாத்ரூம் ஐந்துக்கு ஏழரை அடி. நீளச் சுவரின் நடுவில் கதவு. ஒரு கோடியில் ஜன்னல், கமோடு, அதை ஒட்டியே ஷவர். அந்தச் சுவருக்கு வெளியேதான் டக்ட் (குழாய்கள் கீழே இறங்குகிற சந்து), கழிவுக் குழாய் எல்லாம். மறு கோடியில் அந்தக் காலத்துச் சிமென்ட் தொட்டி ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. குளித்தால் கமோடு முழுக்க நனையும். அம்மாவுக்கு மூட்டு வலி, ஈரத் தரையில் நடக்கப் பயம். தொட்டியை உடைத்து, குளிக்கிற இடத்தையும் காய்ந்த இடத்தையும் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் தேவை.

வந்த கான்ட்ராக்டர் டேப் பிடித்து அளந்தார். மறுநாளே போனில் த்ரீடி படம் வந்துவிட்டது. தொட்டி இருந்த இடத்தில் கமோடு, ஜன்னல் பக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் ஷவர். பார்க்க ஹோட்டல் ரூம் மாதிரி இருந்தது. "கமோடு ஷிஃப்டிங்தான் சார் மெயின் வேலை, மத்தது எல்லாம் சும்மா" என்றார். அந்த மெயின் வேலைக்குக் கொட்டேஷனில் தனித் தொகை. ஆனால் டக்ட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தரைக்கடியில் குழாய் பதிக்க எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்று ஒரு டைலைக்கூடப் பெயர்த்துப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். உள்ளே வருகிற தண்ணீர் அழுத்தத்தில் வருகிறது. சிபிவிசி பிளாஸ்டிக் குழாயை எந்தச் சுவரில் வேண்டுமானாலும் ஏற்றி இறக்கிக் கொண்டுபோகலாம். வெளியே போகிற கழிவு வாட்டத்தை, அதாவது குழாயின் சரிவை, நம்பித்தான் போகிறது. கமோடுக்கு நாலு அங்குலக் குழாய் வேண்டும். ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு என்று வைத்தால், ஆறடி தூரத்துக்கு ஒன்றரை அங்குலம். அதன்மேல் வளைவு, கலவை, டைல்ஸ். எங்கள் வீட்டில் தரைப் பள்ளமே அரையடிதான். ஆக, வாட்டம் கொடுத்தால் தரை உயரும், தரையை உயர்த்தாவிட்டால் வாட்டம் இருக்காது. இவர் இரண்டையும் கெடுத்தார்.

தரை நாலு அங்குலம் ஏறியது. வழக்கமாக பாத்ரூம் தரை அறையைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். எங்களுடையது மேலே போய்விட்டது. தண்ணீர் படுக்கையறைக்குள் வராமல் இருக்க வாசலில் கிரானைட் பட்டை வைத்து ஒரு தடுப்பு. மூட்டு வலிக்காரர் தாண்டிப் போகிற மாதிரி! கதவு தரையில் இடித்தது. அதற்கு அடிப்பக்கத்தை ரம்பத்தால் அறுத்துவிட்டுப் போனார்கள். அறுத்த முனைக்குப் பெயிண்ட்கூட அடிக்கவில்லை. ஈரம் ஏறி, ப்ளைவுட் அடுக்கு அடுக்காக விரிந்து நிற்கிறது.

அப்புறம் கமோடு. ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் மேலே வந்து, யோசித்து, மெதுவாக இறங்கும். பின்னால் வந்து பார்த்த பிளம்பர் தரையைக் கொஞ்சம் உடைத்து, குழாய்மேல் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழி நடுவிலேயே நின்றது, அதாவது வாட்டமே இல்லை. வழியில் இரண்டு எல்போ (குழாய் வளைவு) வேறு. "இதுல அடைக்காம இருந்தாத்தான் சார் அதிசயம்" என்றார்.

வாட்டர்ப்ரூஃபிங் கதை இதைவிட மோசம். கொட்டேஷனில் இரண்டு கோட். நடந்தது, ஒரு சாயங்காலம் பிரஷ்ஷால் ஒரு தடவை, காலையில் டைல்ஸ். டைல்ஸுக்கு முன்னால் ட்ராப்பை (தரையில் தண்ணீர் இறங்கும் வாயை) அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுக் கீழ் வீட்டுக் கூரையைப் பார்ப்பது முறை. கேட்டதற்கு, "அதெல்லாம் மொட்டை மாடிக்குத்தான் சார்" என்று சிரித்தார். கொஞ்ச நாளில் கீழ் வீட்டு அம்மா மேலே வந்தார். "தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்ல சொட்டுது, ஒரு தடவை வந்து பாருங்களேன்." போய்ப் பார்த்தால் மஞ்சளாக வட்டம் கட்டி, பெயிண்ட் உரிந்து தொங்குகிறது. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

டைல்ஸ் ஒட்டும்போதே கான்ட்ராக்டர் தொண்ணூறு சதவீதம் வாங்கிவிட்டார். மீதிக்காக அவர் வரவே இல்லை. இப்போது போன் எடுப்பதும் இல்லை.

பிளம்பர் சொன்ன தீர்வைக் கேட்டு எரிச்சல்தான் வந்தது. கமோடு பழைய இடத்திலேயே இருந்திருக்கலாம். தொட்டியை உடைத்த இடத்துக்கு ஷவரை நகர்த்தியிருந்தால் போதும். குளிக்கிற தண்ணீருக்குச் சின்னக் குழாய், ஆழம் குறைவாக வேண்டும். கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தால் உள்ளே இன்னும் இடம். செலவு பாதிகூட ஆகியிருக்காது. கமோடை நகர்த்தினால்தான் உடைப்பு, குழாய், நிரப்பல், டைல்ஸ் என்று பில் ஏறும். அந்தப் படம் யாருக்காக வரையப்பட்டது என்று இப்போது புரிகிறது.

உங்கள் வீட்டில் வேலை நடந்தால், கமோடு நகர்கிறதா, எவ்வளவு தூரம், தரை எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் வாங்குங்கள். குழாயை மூடுமுன் போட்டோ எடுங்கள். தண்ணீர் கட்டிப் பார்த்தபிறகுதான் டைல்ஸுக்கான பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

நாங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். கொட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் சேர்த்துத்தான். போன வாரம் எங்கள் பாத்ரூம் படத்தைப் போட்டு, 'முடித்துக் கொடுத்த வேலை' என்று எழுதியிருந்தார். கிரானைட் பட்டை தெரியாத கோணமாகப் பார்த்து எடுத்திருக்கிறார்.